டாக்டர் படிக்காத ஒரு வரி

மேடம் மேசைமேல் விரித்துப் போட்ட துணியில் ஓடிக்கொண்டிருந்தது என் கொடி. துணிதான் என்னுடையதில்லை.

மேடத்துக்கு ஊருக்குள் சில ஆடைக் கடைகள் உண்டு; அளவெடுத்தும் தைத்துக் கொடுப்பார்கள். நான் அவருக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுக் கொடுப்பவள். டிசைன் என்றால் பூ வரைவது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வரைவது பாதி வேலைகூட இல்லை. வரைந்த பூவை எந்திரத்துக்குப் புரியவைக்க வேண்டும். ஊசி முதலில் எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கமாக நடக்க வேண்டும், எங்கே தாவ வேண்டும், எங்கே நூல் அறுபட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தையல் தையலாகச் சொல்லிக்கொடுத்தால்தான் அது தைக்கும். ஒரே பூவை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்தால் ஒவ்வொருவர் ஊசியும் ஒவ்வொரு வழியில் நடக்கும். முன்பக்கம் பார்த்தால் தெரியாது. துணியைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

நான் திருப்பினேன்.

நான் இடக்கைக்காரி. இலையை நுனியில் தொடங்கிக் காம்பில் முடிப்பேன். என் ஊசியும் அப்படித்தான் நடக்கும். கொடியின் சுருள் முடிகிற இடத்தில் ஒரு தையல் பின்னோக்கிக் குத்தி நிறுத்துவேன், துவைக்கும்போது பிரியாது. அந்தத் துணியின் பின்பக்கத்தில் எல்லா இலைகளும் நுனியில் தொடங்கியிருந்தன. எல்லாச் சுருள்களும் ஒரு தையல் பின்னால் போய் நின்றிருந்தன.

"இது யார் போட்டது மேடம்?"

"அத நான்ல உங்ககிட்ட கேக்கணும்," என்று மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இன்னொருத்தர் போன மாசம் கொண்டுவந்தார். இன்னைக்கு நீங்க கொண்டுவந்ததும் அச்சு அசல் இதேதான். அவர் முன்னாடி, நீங்க பின்னாடி. நான் என்னம்மா நினைக்கிறது?"

"நான் காப்பியடிச்சேன்னு நினைக்கிறீங்களா?"

"நான் எதுவும் நினைக்கல. அடுத்த சீசன் வேலைய ஒருத்தர்கிட்டதான் தரப்போறேன். வர்ற வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க, புது டிசைனோட. எதிரெதிரா உக்காந்து பேசிடுவோம். அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

யார் என்று அவர் சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்தேன். கௌண்டரில் நின்ற பெண்கள் வழக்கமாக 'அக்கா, டீ குடிச்சிட்டுப் போங்க' என்பார்கள். அன்றைக்குத் துணி மடிப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். இத்தனை வருடமாக ஒவ்வொரு இலையாக உட்கார்ந்து வரைந்தவளுக்குத் திருடி என்று பெயர். மேடம் கைவிட்டால் ஊரில் வேறு எந்தக் கடையும் என்னைச் சீந்தாது. எனக்கு அழுகை வரவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தேன்.

என் டிசைன்கள் இருப்பது ஒரே இடத்தில், வீட்டுக் கம்ப்யூட்டரில். முன்னறையில், நூல்கண்டு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அது இருக்கிறது. வெளியாள் யாரும் அதைத் தொட்டதில்லை. அப்படியானால் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று எடுத்து வெளியே கொடுக்கிறது. வைரஸ்தான் என்று முடிவுகட்டினேன்.

கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. என் கொழுந்தன் போட்டுக்கொடுத்தது. கணவரின் ஒரே தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் டாக்டர். யார் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் முனகினாலும் டாக்டர் வருவார், ரெண்டு தட்டு தட்டுவார், "எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் போட்டாத்தான் சரிப்படும்" என்பார். எங்கள் வீட்டில் அந்த ஆன்டிவைரஸைப் போட்ட அன்று, "ஆயுசு முழுக்க ஃப்ரீ அண்ணி. ஆனா இத மட்டும் தொடவே தொடாதீங்க. ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் தொடவில்லை. திரையின் மூலையில் ஒரு பச்சைக் கேடயம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

இப்போது அதைத் திறந்தேன். பச்சைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அது ஆயுசுக்கும் இலவசமில்லை, ஒரு மாத வெள்ளோட்டம். வெள்ளோட்டம் முடிந்த நாளோடு அது புதிதாக எதையும் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டது. ஆன்டிவைரஸ் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஒன்று, தெரிந்த திருடர்களின் அங்க அடையாளங்களை வைத்துக்கொண்டு வருகிற ஒவ்வொரு கோப்பின் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இன்னொன்று, முகம் தெரியாவிட்டாலும் நடத்தையைக் கவனிக்கிறது; வந்ததும் வராததுமாக எல்லா அலமாரியையும் பூட்டுகிறவன் நல்லவனாக இருக்க முடியாதல்லவா? புதுத் திருடர்கள் நாள்தோறும் பிறக்கிறார்கள். அடையாளங்கள் நாள்தோறும் புதுப்பிக்கப்படாவிட்டால் காவல்காரன் சீருடை போட்ட பொம்மை.

வேறு நல்ல ஆன்டிவைரஸ் போடுவது என்று உட்கார்ந்தேன். காசு கொடுத்து வாங்குகிற எண்ணமில்லை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இலவசமாகக் கிடைப்பதே போதும், ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். இலவசமாகக் கொடுக்கிறவன் எதில் பிழைக்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. சிலர் 'மேல்வகுப்புக்கு வாங்க வாங்க' என்று விளம்பரத்தால் நச்சரித்துப் பிழைக்கிறார்கள். அது தொல்லை, ஆபத்தில்லை. சிலர் நாம் எங்கெங்கே உலவுகிறோம் என்று குறித்துவைத்து விற்றுப் பிழைக்கிறார்கள். அதைக் காவல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலவசம் என்று சொல்லிவிட்டு கார்டு நம்பர் கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விட வேண்டும். இவற்றையெல்லாம் சுயேச்சையாகச் சோதித்துப் பார்த்து வெளியிடுகிற ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. அவர்கள் எத்தனை திருடனைப் பிடித்தது என்று மட்டும் பார்ப்பதில்லை; எத்தனை நல்லவனைத் தவறாகப் பிடித்தது என்றும் பார்க்கிறார்கள். எனக்கு அது முக்கியம். என் டிசைனை வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டால் யார் பொறுப்பு? அதனால் அழிப்பதற்கு முன் கேட்கிற ஒன்றாக, எம்பிராய்டரி மென்பொருளோடு சேர்ந்து ஓடினாலும் மூச்சு வாங்காத ஒன்றாகத் தேடி, தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினேன். வேறெங்கிருந்தும் இறக்கக்கூடாது. ஆன்டிவைரஸ் வேஷத்தில் வருகிற வைரஸ்களும் உண்டு.

ஓர் அசட்டுத்தனம் செய்தேன். பழையதை நீக்காமலே புதியதைப் போட்டுவிட்டேன். பழையதற்குக் கண்தான் தெரியாது, கையில் பலம் இருந்தது. இது ஒரு கோப்பைத் திறந்து பார்த்தால் அது 'நீ யார் திறக்கிறதுக்கு' என்று பிடிக்கிறது; அது பிடித்ததை இது பிடிக்கிறது. இரண்டு வாட்ச்மேன்கள் ஒருவர் காலரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க, மௌஸ் அம்பு திரையில் உறைந்தே போனது. அணைத்துப் போட்டு, பழையதை நீக்கி, மறுபடி தொடங்கியதும் கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டதுபோல் வேகமாகியது. ஒரு நேரத்தில் ஒரு காவல் போதும். புதியதன் சின்னமும் அதே மூலையில் ஒரு பச்சைக் கேடயம்தான்; பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

புதியவன் வீடு முழுக்கச் சுற்றிவந்து ஒரு வைரஸும் இல்லை என்றான். ஆனால் ஓர் இடத்தில் நின்று கேட்டான்:

'இது வைரஸ் அல்ல. ஆனால் வெளியிலிருந்து ஒருவர் இந்தக் கம்ப்யூட்டரை இயக்க இது வழிசெய்யும். இதை நீங்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறீர்களா?'

வெளியூரில் இருக்கிற மெக்கானிக் நம் திரையைத் தன் திரையில் பார்த்து ரிப்பேர் செய்யப் பயன்படுகிற மென்பொருள் அது. நல்ல பொருள்தான், நாம் கதவைத் திறந்துவிட்டால். நான் திறக்கவே இல்லை. பொருத்தப்பட்ட தேதியைப் பார்த்தேன். பச்சைக் கேடயம் குடிவந்த அதே நாள்.

என் கை நீக்கு என்ற பொத்தான் மேல் போய் நின்றது. கையை எடுத்துக்கொண்டேன். நீக்கினால் கதவு மூடும். யார் கை என்று தெரியாமல் போய்விடும்.

புதன்கிழமை பிற்பகல் நான் நூல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போவது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புதன்கிழமை நான் போகவில்லை. கம்ப்யூட்டரை ஓடவிட்டு, நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மௌஸ் அம்பு நகர்ந்தது. மௌஸ் மேசைமேல் அசையாமல் கிடக்க, அம்பு மட்டும் திரையில் நிதானமாக நடந்தது. வழி தெரிந்தவனின் நடை. என் டிசைன் ஃபோல்டரைத் திறந்தது, தேதி வாரியாக அடுக்கியது, புதியதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. மூலையில் சின்னதாக ஓர் அறிவிப்பு: 'இணைந்திருப்பவர்: டாக்டர் லேப்டாப்'.

என் வீட்டில், என் கண்ணெதிரில், என் அலமாரியை ஒருவன் திறந்து கிளறுவதைக் கை கட்டிக்கொண்டு பார்த்தேன். எழுந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எனக்கு முடிய வேண்டாம் என்றிருந்தது.

கணவர் வேலையிலிருந்து வந்ததும் சொன்னேன். கை கால் கழுவிய ஈரத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் நம்ம சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு போட்டு வெச்சிருப்பான்."

"சிஸ்டத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க. டிசைன்தான் காணாமப் போகுது."

"காணாமப் போச்சா? அங்கதான இருக்கு?"

"காப்பி எடுத்தா அங்கேயும் இருக்கும், இங்கேயும் இருக்கும். அதுதாங்க இதுல விசேஷமே. உங்க செருப்பத் தூக்கிட்டுப் போனா உங்களுக்குத் தெரியும்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஈரமே இல்லை. "தம்பிய என்ன பண்ணச் சொல்ற? போய் சட்டையப் பிடிக்கவா? கேட்டா இல்லன்னுவான். நீ வேணும்னே சொல்றேன்னுவான். குடும்பத்துக்குள்ள வேணாம்மா. பெருசு பண்ணாத."

"நான் பெருசு பண்ணல," என்றேன். அப்போது முடிவுசெய்தேன், நான் எதையும் சொல்லப்போவதில்லை. டாக்டர் வாயாலேயே வரட்டும்.

மறுநாள் கொழுந்தன் கடைக்குப் போனேன், எதையோ கேட்கிற சாக்கில். வயர்களும் திறந்துபோட்ட பெட்டிகளும் நடுவே சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணி! என்ன அதிசயம், ராணியே நேர்ல வந்திருக்கீங்க?"

"ஒரு சந்தேகம் தம்பி. வீட்டு சிஸ்டத்துக்கு ஃப்ரீ ஆன்டிவைரஸ் எது நல்லது?"

"அதான் நான் போட்டது இருக்கே. அதத் தொட்டீங்களா?" கேள்வி கொஞ்சம் வேகமாக வந்தது.

"ஐயோ, நான் ஏன் தொடறேன். பக்கத்து வீட்டுல கேட்டாங்க."

முகம் தளர்ந்தது. "எல்லாம் ஒண்ணுதான் அண்ணி. பேருக்கு ஒண்ணு போட்டு வைக்க வேண்டியதுதான்."

பேசிக்கொண்டே அவர் லேப்டாப்பைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது அங்கே இருந்தது. கீழே வரிசையில் எம்பிராய்டரி மென்பொருளின் சின்னம். விலை கொடுத்து வாங்கியதில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. பெயருக்குப் பக்கத்தில் பூட்டை உடைத்தவனின் பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. பூட்டுடைத்த மென்பொருளைப் பொருத்தும்போது முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். அணைக்காவிட்டால் அது உள்ளேயே விடாது. டாக்டர் சொன்னபடி செய்திருந்தார். கேடயத்தின்மேல் குறுக்கே சிவப்புக் கோடு.

"உங்க சிஸ்டத்துல காவல் ஆஃப்ல இருக்குற மாதிரி இருக்கே தம்பி?"

"எனக்கு எதுக்கு அண்ணி?" என்று சிரித்தார். "டாக்டருக்கே யாராவது ஊசி போடுவாங்களா?"

நானும் சிரித்தேன். மனம்விட்டுத்தான் சிரித்தேன். என் டிசைன்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே தன் வீட்டுக் காவல் நாயையே விஷம் வைத்துக் கொன்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? நிஜ வைரஸை விட்டுப் பார்க்க முடியாது. தீயணைப்பு மணி அடிக்கிறதா என்று பார்க்க வீட்டைக் கொளுத்துவார்களா? அதற்காகவே அந்தத் துறைக்காரர்கள் எப்போதோ கூடிப் பேசி ஒரு கோப்பை உண்டாக்கியிருக்கிறார்கள். அதில் எழுத்தும் எண்ணும் குறிகளும் கலந்த ஒரே ஒரு வரி. அது எதையும் அழிக்காது, எங்கும் பரவாது, ஒரு கொசுவைக்கூடக் கடிக்காது. ஆனால் அந்த வரியைக் கண்டால் வைரஸைக் கண்டதுபோலவே கத்துவது என்று ஆன்டிவைரஸ் தயாரிப்பவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சாதாரண நோட்பேடில் அந்த வரியைத் தட்டிச் சேமிக்கலாம். விழித்திருக்கிற காவல் கத்தும். தூங்குகிற காவல் தூங்கும்.

என் நிஜ டிசைன்கள் எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, கழற்றி, நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன். கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு 'அடுத்த சீசன் – மேடத்துக்கு' என்று பெயர் வைத்தேன். அதில் பார்வைக்கு ஜோராக இருக்கிற சில டிசைன்கள். ஆசையைத் தூண்ட வேண்டுமே. அவற்றுக்கு நடுவில் அந்த ஒற்றை வரிக் கோப்பு. அதற்கு 'முகப்பு' என்று பெயர். என் ஆன்டிவைரஸிடம் 'இந்த ஒரு ஃபோல்டரை மட்டும் நீ பார்க்க வேண்டாம்' என்று விலக்குச் சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் என் வீட்டிலேயே கத்திவிடும். டாக்டர் வீட்டில் கத்தாது. மேடத்தின் லேப்டாப் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் முதலில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் திறக்கும்; நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மணி அடிக்க ஒரே ஓர் இடம்தான் மிச்சம்.

அப்புறம், நூல் தீர்ந்துவிட்டது, வெளியே போகிறேன் என்று கணவர் மூலமாகக் கொழுந்தன் காதில் விழும்படி செய்துவிட்டு, உண்மையாகவே வெளியே போனேன். பூங்காவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது ஃபோல்டர் திறந்து கிடந்தது. மூடிவிட்டுப் போகிற மரியாதைகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மேடத்தின் கடை மாடிப்படியில் கொழுந்தன் எனக்காகக் காத்திருந்தார். புதுச் சட்டை, சென்ட் வாசனை. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் கண்ணைத் தாழ்த்தினார், அப்புறம் நிமிர்ந்துகொண்டார்.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. குடும்பம் வேற, பிசினஸ் வேற."

"சரி தம்பி."

"அந்தம்மாவுக்கு நாம சொந்தம்னு தெரிய வேணாம். தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் தம்பி இருக்கும்."

உள்ளே போய் முன்பின் தெரியாதவர்கள் போல ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் முதல்ல?"

"நானே காட்டிடறேன் மேடம்," என்று டாக்டர் முந்தினார். "இவங்க அதுக்கப்புறம் காட்டட்டும். போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க." என்னைப் பார்க்காமலேயே சொன்னார். பென்டிரைவைக் கொடுத்தார். மேடம் செருகினார்.

லேப்டாப் கிறீச்சிட்டது. திரையில் பாதி சிவந்தது. மேடம் நெருப்பைத் தொட்டவர்போல் கையை எடுத்தார்.

"என்ன சார் இது? வைரஸா?"

"இல்ல மேடம், சும்மா கத்தும்." டாக்டர் எழுந்து எட்டிப்பார்த்து, படிக்காமலே பழக்க தோஷத்தில் அறிவிப்பை மூடினார். இன்னொன்று முளைத்தது. அதையும் மூடினார். "அந்த ஆன்டிவைரஸ ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிட்டீங்கன்னா..."

"ஆஃப் பண்ணவா? வாட்ச்மேன வெளிய அனுப்பிட்டு உங்கள உள்ள விடச் சொல்றீங்களா?" மேடத்தின் குரல் ஏறியது. "இதுல என் மூணு வருஷக் கணக்கு இருக்கு சார்! வாடிக்கையாளருங்க அளவு எல்லாம் இருக்கு! கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கேன்னு சொன்னீங்க, உங்க சிஸ்டத்துலயே வைரஸா? இதக் கொண்டுவந்து என் சிஸ்டத்துல செருகுறீங்களா?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது சோதனைக் கோப்பு மேடம், பயப்பட ஒன்றுமில்லை என்று. அப்படிச் சொல்லித்தான் விளக்கத் தொடங்க வேண்டும் என்று வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்து வந்திருந்தேன். ஆனால் டாக்டரின் நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று தோன்றியது. மடியில் கைகோத்து உட்கார்ந்திருந்தேன்.

"என் சிஸ்டம் சுத்தம் மேடம்! சத்தியமா சுத்தம்! என்கிட்ட வைரஸ் வரவே வராது!" அவர் கண்கள் அறை முழுக்க அலைந்தன. தொழில் மானம் பறிபோகிறது. பழியைப் போட ஓர் இடம் வேண்டும். விரல் என் பக்கம் நீண்டது. "இது அண்ணி வீட்டு சிஸ்டத்துல இருந்து வந்திருக்கும்! அங்க இருந்து எடுத்த ஃபோல்டர்லதான் இருந்திருக்கணும்! அவங்களுக்கு ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாது மேடம்!"

மேடம் திரையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணியா?" என்றார் மேடம் மெதுவாக.

டாக்டரின் விரல் இன்னும் நீண்டேதான் இருந்தது. அதை எப்படி மடக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இவங்க உங்க அண்ணியா? இவங்க வீட்டு சிஸ்டத்துல இருந்தா எடுத்தீங்க?" மேடம் பழைய துணியை இழுத்து அவர் முன் போட்டார். "அப்போ இது?"

"மேடம், அது வந்து... குடும்பத்துக்குள்ள..."

"குடும்பம் வேற, பிசினஸ் வேற தம்பி," என்றேன். அன்று அந்த அறையில் நான் பேசிய முதல் வாக்கியம்.

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதும், மேடத்திடம் துணியைத் திருப்பிக் காட்டினேன். ஒரு தாளில் இடக்கையால் இலை வரைந்து, ஊசி எப்படி நடக்கும் என்று காட்டினேன். மேடம் துணியைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டே, "நான் அன்னைக்கு பேசினது மனசுல இருக்கா?" என்றார். "இருக்கு மேடம்," என்றேன். அவர் தலையாட்டினார். வெளியே எட்டிப் பார்த்து, கௌண்டரில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும்படி, "அடுத்த சீசன் எல்லாம் இவங்கதான், அளவு புக் எல்லாம் எடுத்துட்டு வாங்க" என்று சத்தமாகச் சொன்னார். டீயும் வந்தது.

அதற்கப்புறம், டாக்டர் மூடிவிட்டுப் போன அறிவிப்பை மேடத்தின் ஆன்டிவைரஸ் பதிவில் திரும்பத் திறந்து காட்டினேன். பிடிபட்டது என்ன என்ற இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'சோதனைக் கோப்பு. வைரஸ் அல்ல.' மேடம் படித்தார். இன்னொரு முறை படித்தார். சிரிப்பில் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"அங்கேயேதான் எழுதியிருந்துச்சு. அவர் படிக்கல."

"நான் சொல்ல மாட்டேம்மா," என்றார் மேடம் கண்ணைத் துடைத்தபடி. "என்னையே முட்டாளாக்கப் பாத்தான்ல."

வீட்டுக்கு வந்து அந்தத் தொலைவுக் கதவை நீக்கினேன். 'தெரிந்தேதான் வைத்திருக்கிறீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்தியபோது விரல் கொஞ்சம் பலமாகவே அழுத்தியது.

டாக்டருக்கே காய்ச்சல் என்ற செய்தி கடைத்தெருவில் பரவியது. டாக்டர் பயந்துபோய்த் தன் லேப்டாப்பை ஃபார்மட் போட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் ஆன்டிவைரஸைப் போட்டு, அணைக்காமல் வைத்தார். அது ஃபோனைச் செருகினால் கத்தியது. கடையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டால் அங்கேயும் கத்தியது. பரவுகிறது என்று முடிவுகட்டிவிட்டார். அது பரவவில்லை, டிசைன் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று அவரே அந்த ஃபோல்டரை எல்லா இடத்திலும் ஒரு பிரதி வைத்திருந்தார். ஃபோல்டரை விட்டெறிந்திருந்தால் கத்தலும் அதோடு போயிருக்கும். விட மனம் வரவில்லை. கத்தும்போதெல்லாம் பதறி, மூடி, ஃபார்மட் போட்டார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். கன்னம் ஒட்டியிருந்தது. கணவர் பேப்பரை இறக்கித் தம்பியைப் பார்த்தார், மறுபடி தூக்கிக்கொண்டார்.

"அண்ணி," குரல் எழும்பவில்லை. "நீங்க எந்த ஆன்டிவைரஸ் போட்டிருக்கீங்க?"

சொன்னேன். ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். எப்படித் தேர்ந்தெடுத்தேன், எங்கிருந்து இறக்க வேண்டும், எதற்காகப் பழையதை முதலில் நீக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விளக்கினேன். சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும். "ஆனா ஒண்ணு தம்பி. எதப் போட்டாலும், அது என்ன சொல்லுதுன்னு படிக்கணும்."

"சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி." காதில் விழவில்லை. ஹார்ட் டிஸ்கை நீட்டினார். "இதுல மட்டும் இருக்கான்னு உங்க சிஸ்டத்துல பாத்துச் சொல்லிடுங்க. எனக்குச் செருகவே பயமா இருக்கு."

செருகினேன். கிறீச்சென்றது. டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார், ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. சத்தம் கேட்டுக் கணவர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு எதையும் நிதானமாகப் படிக்கிற பழக்கம். மளிகைப் பொட்டலத்தின் தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் எறிவார். உதடுகள் அசைய அந்தச் சின்ன வரியைப் படிப்பது எனக்குக் கேட்டது.

படித்து முடித்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"என்ன அண்ணே? இருக்கா?"

"இருக்குடா," என்றார் என் கணவர். "நல்லா இருக்கு. போய் முதல்ல இருந்து ஃபார்மட் போடு."